மஞ்சள் சீட்டு

எதிர்த்து நிற்கிறவரே பஞ்சர் ஒட்ட வந்துவிட்டார்.

தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. அவள் தன் கடையில் ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தை மெல்லச் சுழலவிட்டு, விளிம்பு எந்த இடத்தில் ஒதுங்குகிறதென்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியை மட்டும் ஒரு சின்னத் திருகு. அவசரப்பட்டால் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். மருந்துக்கடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பின் டயர் தரையோடு அப்பிக் கிடந்தது. கேரியரில் அவருடைய தேர்தல் நோட்டீஸ் கட்டு.

"வேற கடைக்குப் போயிருக்கலாம்தான்," என்று சங்கடமாகச் சிரித்தார். "ஆனா ஒட்டினா நிக்கிற மாதிரி ஒட்டறது நீங்கதானே."

"உக்காருங்க சார். ஓட்டு வேற, பஞ்சர் வேற."

அந்தச் சிறு நகரத்தின் மன்றத் தலைவியாக அவள் ஒரு பதவிக்காலம் முடித்து மறுபடியும் நின்றிருந்தாள். மாமனார் விட்டுப்போன சைக்கிள் கடையை நடத்துகிறவள், தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதென்று ஒருநாள் மன்றத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அப்படியானால் நீயே நில்லேன் என்று தெருவே சேர்ந்து அவளைத் தள்ளிவிட்டது. ஜெயித்தவுடன் சாக்கடையைச் சரிசெய்தாள், அப்புறம் தெருவிளக்கு, அப்புறம் பள்ளிக்கூடத்துக் கூரை. ஊர் அவளை இன்னமும் சைக்கிளம்மா என்றுதான் கூப்பிட்டது. கோபம் வந்தால் மட்டும் தலைவியம்மா.

மருந்துக்கடைக்காரரும் மன்றத்தில் ஓர் உறுப்பினர். நல்ல மனிதர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று யார் போய் நின்றாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து கடையைத் திறப்பார். அவருடைய நோட்டீஸில் ஒரே விஷயம்தான் இருந்தது: சனிக்கிழமைச் சந்தைக்கு வரும் வெளியூர் வியாபாரிகளுக்கு நுழைவுக் கட்டணம். நம்ம ஊர்க் காசு நம்ம ஊரிலேயே. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து காய்கறியும் தட்டுமுட்டுச் சாமானும் துணியும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை தோறும் ஒரு கூட்டமே வந்து இறங்கும். அவளுடைய கடைக்கு நேர் எதிரே ஒரு வேன் வந்து நின்று, அவளைவிட மலிவாக டயர் விற்கும்.

"கட்டணம் வந்தா அந்த வேன்காரன் வர மாட்டான். முதல் லாபம் உங்களுக்குத்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "நீங்களே வேண்டாங்கிறதுதான் எனக்கு விளங்கவே மாட்டேங்குது."

அவள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்தினாள். சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. "அவன்கிட்ட டயர் வாங்கறவங்க மாட்டிக்கிறதுக்கு எங்கிட்டதானே சார் வர்றாங்க. சனிக்கிழமை வர்ற கூட்டத்துலதான் என் கடை ஓடுது."

"அது ஒரு நாள் கூத்து. காசு பாலத்தைத் தாண்டிப் போயிடுதே, அது திரும்பி வருதா?"

"வருதே. போன வாரம் அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் இங்க நின்னுக்கிட்டு முழங்காலைத் தடவிக்கிட்டே இருந்தாரு. உங்க கடைக்குத்தான் அனுப்பி வச்சேன். தைலம் வாங்கலயா?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "வாங்கினாரு. ரெண்டு பாட்டில்." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "அது வேற," என்றார்.

பஞ்சருக்குக் காசு கொடுத்துவிட்டு, நோட்டீஸ் ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். "ஒட்டுங்க, டியூப் விலையை மட்டும் மறைச்சிடாதீங்க," என்றாள் அவள். கட்டண விஷயத்தை ஊரிடமே கேட்டுவிடுவது என்று மன்றம் முடிவு செய்திருந்தது. யார் தலைவர் என்பதற்கு வெள்ளைச் சீட்டு. கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மஞ்சள் சீட்டு.

அவளுடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். பாலத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பி வரும் தடம். சனிக்கிழமைக் காலையில் அவருடைய பஸ்ஸுக்குள் மனிதர்களைவிடக் கூடைகள்தான் அதிகம் இருக்கும். ஒரு பொருள் வாங்குவதென்றால் அவரிடம் வியாபாரி படுகிற பாடு கொஞ்சமல்ல. ஒரு தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், காம்பை மோந்து பார்ப்பார், பக்கத்துக் கூடையில் என்ன விலை என்று கேட்டுவிட்டு வருவார். கடைசியில் எப்போதும் வெளியூர்க்காரர்களிடம்தான் வாங்குவார். அங்கேதான் மலிவு.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள். "உங்க ஓட்டு எதுக்குங்க?"

"இதென்ன கேள்வி? வெள்ளைச் சீட்டு உனக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் குத்துவேன்."

"மஞ்சள்?"

அவருக்குத் திடீரென்று சாப்பாட்டில் கவனம் அதிகமாகிவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டுங்கறது ரகசியம்னு சொல்லிக்கிட்டு வீடு வீடாப் போனது நீதானே?" என்றார்.

 அவர் மனதில் என்ன ஓடுகிறதென்று அவளுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் பொத்தான் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். வெளியிலிருந்து மலிவுப் பொத்தான் வர ஆரம்பித்ததும் ஃபாக்டரி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அண்ணனுக்குச் சரியான வேலை என்று எதுவும் அமையவில்லை. மனிதர் கெட்டுப்போகவில்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது. ஒவ்வொரு நாளும் எதற்காக எழுந்திருப்பது என்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூன் போட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த ஃபாக்டரி மூடியதற்கு இன்னும் பத்துக் காரணங்கள் சொல்லலாம். மிஷின்கள் பழசு, முதலாளியின் பிள்ளைகளுக்குத் தொழிலில் நாட்டமில்லை. அவள் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாம்," என்றார். அந்த இருக்கலாமில் ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற பதவிசு இருந்தது.

தேர்தலுக்கு முன்பு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் சுருக்கமாகப் பேசினார். ஒரு பாத்திரம், அதில் ஓர் ஓட்டை, ஓட்டையை அடைத்தால் தண்ணீர் நிற்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓட்டை விழுந்த பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அவள் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறாரு, நான் சைக்கிள் பாக்கறேன். எங்க வீட்டுக் காசு வாசலைத் தாண்டக்கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணினா, அவர் பேண்ட்டை நான்தான் தைக்கணும். நான் தைச்சா அவர் பஸ்ஸை விட்டுக் கீழ இறங்கவே முடியாது."

ஹால் குலுங்கிச் சிரித்தது. கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சூட்டிலேயே அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னாள். அவர்களிடம் நாம் வாங்குகிறோம், அவர்கள் நம்மிடம் பழுது பார்த்துக்கொள்கிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குகிறார்கள், ஓட்டை என்று நாம் நினைப்பது குழாயாகவும் இருக்கலாம் என்று.

அப்போது பாத்திரக் கடைக்காரி எழுந்தாள். "சிரிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு சைக்கிளம்மா. சனிக்கிழமையானா என் கடைல ஒரு தட்டு போகறதில்லை. வெளியில துணி விரிச்சு அவங்க விக்கறாங்க, நான் உள்ள உக்காந்து ஈ ஓட்டறேன். எனக்கு என்ன பதில்?"

எத்தனையோ பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள் அவள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டாள். "உங்களுக்கு நஷ்டம்தான் அக்கா. இல்லைன்னு சொன்னா அது பொய்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் தோற்றோம் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள். நஷ்டத்துக்கு ஒரு முகம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, எழுந்து நின்று கேள்வி கேட்டது. லாபம் ஊர் முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது. கால் கிலோ வெங்காயத்தில் கொஞ்சம், ஒரு பனியனில் கொஞ்சம். அதற்கு எழுந்து நிற்கத் தெரியவில்லை.

ஓட்டு எண்ணிய அன்று வெள்ளைச் சீட்டில் அவள் சுலபமாக ஜெயித்தாள். மஞ்சள் சீட்டில் கட்டணம் அதைவிடச் சுலபமாக ஜெயித்தது. அவளுக்குக் குத்திய அதே கைகள் அடுத்த சீட்டில் அவள் வேண்டாம் என்றதற்குக் குத்தியிருந்தன. மருந்துக்கடைக்காரர் வந்து கையைக் கூப்பி, "ரெண்டு பேருமே ஜெயிச்சோம்," என்றார். அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கணவர் அவளுக்குப் போட்ட மாலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தெரு முக்குத் திரும்பியதும் சொன்னார்.

"மஞ்சள்ல நான் கட்டணம் வேணும்னுதான் குத்தினேன்."

"தெரியும்."

"நீ ஹால்ல பேசினது எல்லாம் எனக்குப் புரிஞ்சுது. தப்பு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. ஆனா ஓட்டுப் போட அந்தத் தட்டி மறைவுக்குள்ள போனதும் அண்ணன் முகம்தான் வந்துது. நான் ஒருத்தன் குத்தறதாலயா கட்டணம் வந்துடப் போகுது? அவருக்காக ஒரு ஓட்டாவது போட்டோம்னு இருக்கட்டுமேன்னு…"

அவளுக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. தக்காளிக்குக் காம்பு மோந்து பார்க்கிற மனிதர் இங்கே ஏன் மோந்து பார்க்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. தக்காளி கெட்டிருந்தால் அவர் தட்டுக்கு வரும். அவருடைய ஒரு சீட்டு மட்டும் தப்பாகிவிட்டால் எதுவும் யாருடைய தட்டுக்கும் வராது. எல்லோரும் இப்படி அவரவருடைய அண்ணனுக்காகக் குத்தினால்தான் வரும். அந்தத் தட்டி மறைவு ஒருவேளை மனிதர்கள் தங்கள் பாசத்தைக் கொண்டுபோய் வைக்கிற இடம் போலும் என்று நினைத்தாள்.

"எங்கிட்ட மறைக்காம சொன்னீங்களே, போதும்," என்றாள். "இனி அந்தக் கட்டணம் வசூலிக்கிற வேலையை நான்தான் செய்யணும். அது தெரியுமா உங்களுக்கு?"

"செய்வியா?"

"ஊர் சொன்னதைச் செய்யத்தானே உக்கார வச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்சதை மட்டும் செய்யறதுக்கா?"

செய்தாள். அரைமனதாகச் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தாள். பாலத்தின் இந்த முனையில் குறுக்குக் கம்பம் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு கட்டி, விற்பனைக்கு வரும் எந்த மூட்டைக்கும் கட்டணம் என்று பலகை வைத்தாள். வசூல்காரர் வேலைக்குக் கணவரின் அண்ணனை மருந்துக்கடைக்காரர்தான் முன்மொழிந்தார். அந்தப் பேச்சு வந்ததுமே அவள் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். உள்ளே எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

அண்ணனுக்குக் காக்கிச் சட்டை வந்தது, விசில் வந்தது. முதல் நாள் முகம் மழித்து, தலை சீவி, கம்பத்தின் பக்கத்தில் நின்றார். அவர் இவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கணவர் பஸ்ஸை அங்கே நிறுத்தி, தேவையே இல்லாமல் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றாள். அதைப் பார்த்ததில் அவளுக்கும் நிறைவாகத்தான் இருந்தது. அந்த நிறைவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அவளுடைய கடை வாசல் ஓரத்தில் வருடக்கணக்காகக் காய்கறி விற்ற வெளியூர்ப் பெண் ஒருத்தி உண்டு. அவளைப் பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்டணம் வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் வந்து பார்த்தாள். "கட்டுப்படியாகல தலைவியம்மா," என்றாள் ஒருநாள், கூடையைக் கவிழ்த்து வைத்தபடி. "உன் மேல வருத்தம் இல்ல. நான் எங்க ஊர்லயே உக்காந்துக்கறேன். நீ வேணா ஒரு நாள் வா." சைக்கிளம்மா போய்த் தலைவியம்மா ஆகிவிட்டதை அவள் கவனித்தாள்.

டயர் வேனும் வருவது நின்றது. முதலில் சில வாரம் அவளுடைய கடையில் டயர் நன்றாக விற்றது. பிறகு சனிக்கிழமைகளில் தெரு காலியாகிக்கொண்டே வந்தது. காய்கறி விலை ஏறியது, துணி விலை ஏறியது. பாத்திரக் கடைக்காரிக்குக் கொஞ்ச நாள் நல்ல வியாபாரம். அப்புறம் தட்டு வாங்க வேண்டியவர்கள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள். மன்றத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கட்டணத்தைக் குறை சொல்ல ஒருவர்கூட வரவில்லை. உள்ளூர்க் கடைக்காரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்றார்கள் சிலர். சரக்கை யாரோ பதுக்குகிறார்கள் என்றார்கள் சிலர். அதிகமான பேர் சொன்னது, ஓட்டை இன்னும் சரியாக அடைபடவில்லை என்று. மக்கள் பையிலும் கூடையிலும் அந்த ஊரிலிருந்து சாமான் கொண்டுவருகிறார்களாம். ஆகவே ஒரு வீட்டுத் தேவைக்கு மேற்பட்ட எதுவானாலும் கட்டணம் என்று மன்றம் இன்னொரு விதி போட்டது. அவள் எதிர்த்துப் பேசினாள், தோற்றாள், கையெழுத்துப் போட்டாள்.

மாற்றத்தை முதலில் பார்த்தது கணவர்தான். சனிக்கிழமைக் காலையில் அந்த ஊரிலிருந்து வரும்போது பஸ் காலி. இங்கிருந்து போகும்போது நிற்க இடமில்லை.

"எல்லாரும் எங்கங்க போறாங்க?"

"சொந்தக்காரங்களைப் பாக்க," என்றார் கணவர். "நம்ம ஊர்க்காரங்களுக்கு அங்க இவ்வளவு சொந்தம் இருக்கறது எனக்கே இப்பத்தான் தெரியும். வேணும்னா நீயும் வந்து பாரேன்."

அடுத்த சனிக்கிழமை அவள் கடையை மூடிவிட்டுப் பஸ் ஏறினாள். கடையை மூடியதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கத் தெருவில் ஆளில்லை. பஸ்ஸுக்குள் அவளைப் பார்த்ததும் பேச்சு சட்டென்று நின்றது. பாத்திரக் கடைக்காரி ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகத் தேடினாள். பள்ளிக்கூட வாத்தியார், மடித்து வைத்திருந்த பையை இன்னும் சின்னதாக மடித்தார்.

அந்த ஊர்ச் சந்தை ஆற்றங்கரையில் புதிதாக முளைத்திருந்தது. அவளுடைய ஊரில் உட்கார்ந்திருந்த அதே முகங்கள் அதே வரிசையில் அங்கே உட்கார்ந்திருந்தன. அவர்கள் முன்னால் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர்களும் அதே முகங்கள்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு ஊரும் ஒரே சந்தையைத் தூக்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பஸ் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வருகின்றன. இவர்களைத் திட்ட அவளால் முடியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றுக் காற்றில் பேரம் பேசிக்கொண்டிருக்கும் இந்த மனிதர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும், எல்லோரையும் பிடிக்கும்.

வெண்டைக்காய்க் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மருந்துக்கடைக்காரர்.

"சார், நீங்களுமா?"

அவர் கையிலிருந்த வெண்டைக்காயைப் பார்த்தார். "இங்க பிஞ்சா கிடைக்குது," என்றார். பிறகு, ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல, "நான் ஒருத்தன் வாங்கறதாலயா ஊர்க் காசு போயிடப் போகுது?" என்றார்.

 கணவரும் வேறொரு விஷயத்தில் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார்.

பெரியக்கா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். "வந்துட்டியா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" அவளுக்கு இங்கே நிழலான இடம் கிடைத்திருந்தது, வீடும் பக்கம், உடம்பிலும் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இருவரும் டீ குடித்தார்கள். பேச்சில் கட்டணம் வரவேயில்லை. பெரியக்காவின் மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பதும், இவளுடைய கணவர் குறட்டை விடுவதும் வந்தன. எழுந்திருக்கும்போது பெரியக்கா ஒரு பூசணிக்காயைத் தூக்கி அவள் கையில் வைத்தாள். ஒரு கல்யாண வீட்டுக்கே போதும். அவ்வளவு பெரிசு.

"ஐயோ, இது வேண்டாம்க்கா."

"வியாபாரம் இல்ல, சும்மா குடுக்கறேன். சும்மா குடுக்கறதுக்கும் உங்க ஊர்ல கட்டணம் உண்டா?"

திரும்பும் பஸ்ஸில் பைகள் கூரையைத் தொட்டன. வரும்போது இருந்த கூச்சம் யாரிடமும் இல்லை. பாத்திரக் கடைக்காரி அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, வாங்கிய துணியை விரித்துக் காட்டினாள். முன்னால் வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் பேசிக்கொண்டு வந்தார்கள். கட்டணத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் விலை வழிக்கு வந்துவிடும் என்றார் வாத்தியார். அப்படித்தான் படுகிறது என்றார் மருந்துக்கடைக்காரர். வெண்டைக்காய்ப் பை அவர் மடியில் இருந்தது. பாத்திரக் கடைக்காரி மட்டும் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை மஞ்சள் சீட்டு வருமா?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் குத்துவதற்காகக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. "எல்லாரும் கேட்டா வரும்க்கா," என்றாள்.

பாலம் ஏறும்போது இருக்கைக்கு அடியில் வைத்திருந்த பூசணிக்காய் நழுவியது. உருண்டு பின்பக்கம் போனது. பாலத்தின் மறுபக்கம் இறங்கும்போது முன்பக்கம் வந்தது, ஒரு மேட்டில் பஸ் ஏறியதும் மறுபடி பின்னால் போனது. யாரோ காலைத் தூக்கி வழிவிட்டார்கள். கணவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. "ஏய், யாருதுப்பா இது?" என்று சத்தமாகக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் முட்டியது.

கம்பத்துக்கு முன்னால் பஸ் நின்றது. விசில் ஊதிக்கொண்டு அண்ணன் படியேறினார். காக்கிச் சட்டை மொடமொடவென்று இருந்தது. ஊரே உள்ளே உட்கார்ந்திருந்தது, மடியில் பை பையாக. தம்பியைப் பார்த்தார், தம்பி மனைவியைப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாமல் தொண்டையைச் செருமினார். பஸ் முன்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றிருந்ததால் பூசணிக்காய் மறுபடி புறப்பட்டது. பின் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கால்கள் உயர்ந்தன. பாத்திரக் கடைக்காரி, அவள், வாத்தியார், மருந்துக்கடைக்காரர். அது மெதுவாக, யாருக்கும் அவசரமில்லாததுபோல, நடுவழியே உருண்டு வந்து அண்ணனின் புது பூட்ஸில் முட்டி நின்றது. அவர் குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோருடைய முகத்தையும் பார்த்தபடி நின்றார். யாரும் இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை.